y தனியாக நிற்கட்டும்: நேர்க்கோட்டுச் சமன்பாட்டை y = mx + c வடிவத்துக்குக் கொண்டுவருவது எப்படி?

3x − 4y = 12 என்று ஒரு சமன்பாடு. இந்தக் கோடு ஏறுகிறதா, இறங்குகிறதா? பார்த்தவுடன் சொல்வது கடினம். நன்றாகப் பழகியவர்கள்கூட ஒரு நொடி யோசிப்பார்கள். இதையே y = (3/4)x − 3 என்று எழுதிப் பாருங்கள். கோடு ஏறுகிறது, வலப்பக்கம் 4 அலகு நகர்ந்தால் 3 அலகு உயர்கிறது, y-அச்சை −3 என்ற இடத்தில் வெட்டுகிறது. மூன்று விஷயங்களும் கண்ணெதிரே இருக்கின்றன. கோடு மாறவில்லை, எழுதும் விதம்தான் மாறியிருக்கிறது.

முதல் வடிவத்திலிருந்து இரண்டாவதற்கு எப்படி வருவது என்பதைத்தான் இங்கே படிப்படியாகப் பார்க்கப் போகிறோம். கூட்டல், கழித்தல், பெருக்கல், வகுத்தல், குறை எண்கள், கொஞ்சம் பின்னம். இவை தெரிந்தால் போதும். ஒரு தாளும் பேனாவும் பக்கத்தில் இருக்கட்டும். கண்ணால் படித்துவிட்டுப் போனால் இது கைக்கு வராது.

முதலில், எங்கே போகிறோம்?

நாம் போய்ச் சேர வேண்டிய இடம் y = mx + c. பாடநூல்கள் இதைச் சாய்வு-வெட்டுத்துண்டு வடிவம் என்கின்றன. m என்பது சாய்வு. x ஒன்று கூடும்போது y எவ்வளவு மாறுகிறது என்பதை அது சொல்கிறது. m மிகை எண் என்றால் கோடு இடமிருந்து வலமாக ஏறும், குறை எண் என்றால் இறங்கும். c என்பது y-வெட்டுத்துண்டு, அதாவது x = 0 ஆக இருக்கும்போது y-இன் மதிப்பு. கோடு y-அச்சை வெட்டும் இடம் அது.

இந்த வடிவத்துக்கு வந்துவிட்டோமா என்று பார்க்க இரண்டு கேள்விகள் போதும். ஒரு பக்கத்தில் y மட்டும் தனியாக, கெழு (அதாவது y-ஐப் பெருக்கி நிற்கும் எண்) 1 ஆக நிற்கிறதா? மறுபக்கத்தில் y எங்கேயாவது ஒளிந்திருக்கிறதா? முதலாவதற்கு ஆம், இரண்டாவதற்கு இல்லை என்று பதில் வந்தால் வேலை முடிந்தது.

2y = 6x + 5 என்று நிறுத்திவிட்டு, சாய்வு 6 என்று எழுதுகிறவர்கள் நிறையப் பேர். இங்கே y தனியாக இல்லை, 2 அதோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. இன்னும் ஒரு படி போனால் y = 3x + 5/2. சாய்வு 3.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். y = 7 − 2x என்று விடை வந்தால் சாய்வு 7 ஆகிவிடாது. எது முதலில் எழுதப்பட்டிருக்கிறது என்பது முக்கியம் இல்லை, x-உடன் எது ஒட்டியிருக்கிறது என்பதுதான் முக்கியம். இங்கே −2 ஒட்டியிருக்கிறது, அதுவே சாய்வு. வரிசை மாற்றி y = −2x + 7 என்று எழுதிக்கொண்டால் குழப்பம் வராது. சாய்வைச் சொல்லும்போது −2 என்று மட்டும் சொல்ல வேண்டும். −2x என்று x-ஐயும் சேர்த்து எழுதுவது தவறு.

எழுத்துகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. நம் பாடநூல்களில் y = mx + c. அமெரிக்க நூல்களில் y = mx + b. ரஷ்யாவில் y = kx + b, இத்தாலியில் y = mx + q, சுவீடனில் y = kx + m. ஆமாம், சுவீடனில் m என்றால் வெட்டுத்துண்டு! இணையத்தில் வெவ்வேறு நாட்டுக் காணொளிகளைப் பார்த்துப் படிக்கிறவர்கள் இதில் தடுமாறுவதுண்டு. எழுத்தைப் பிடித்துக்கொள்ளாமல் இடத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள். x-உடன் பெருகி நிற்பது சாய்வு, தனியாக நிற்பது வெட்டுத்துண்டு.

இந்த வடிவத்துக்கு அப்படி என்ன சிறப்பு?

6x − 9y = 18, 4x − 6y = 12 என்று இரண்டு சமன்பாடுகள். வேறு வேறு எண்கள். இரண்டு கோடுகள் என்றுதான் தோன்றும். இரண்டையும் மாற்றிப் பார்த்தால் இரண்டுமே y = (2/3)x − 2 என்று வந்து நிற்கும். ஒரே கோடு!

ஒரு கோட்டை ax + by + c = 0 என்ற பொது வடிவத்தில் எண்ணற்ற விதங்களில் எழுதலாம். முழுச் சமன்பாட்டையும் 2-ஆல் பெருக்கினால் ஒன்று, 5-ஆல் பெருக்கினால் இன்னொன்று. y = mx + c வடிவத்திலோ ஒரு கோட்டுக்கு ஒரே ஒரு சமன்பாடுதான் உண்டு. அதனால்தான் இரண்டு கோடுகளை ஒப்பிட வேண்டும் என்றால் முதல் வேலையாக இந்த வடிவத்துக்குக் கொண்டுவருகிறோம். செங்குத்துக் கோடு மட்டும் இதற்கு விதிவிலக்கு. அதைப் பிறகு பார்ப்போம்.

கைக்கொள்ள வேண்டிய ஒரே விதி

சமக்குறியின் இருபுறமும் ஒரே செயலைச் செய்ய வேண்டும். ஒருபுறம் 5 கூட்டினால் மறுபுறமும் 5 கூட்ட வேண்டும். ஒருபுறத்தை 3-ஆல் வகுத்தால் மறுபுறம் முழுவதையும் 3-ஆல் வகுக்க வேண்டும். இவ்வளவுதான் விதி. சமக்குறியை 1557-இல் அறிமுகப்படுத்திய ராபர்ட் ரெக்கார்ட், ஒரே நீளமுள்ள இரண்டு இணைகோடுகளை அதற்குத் தேர்ந்தெடுத்தார். அவற்றைவிடச் சமமான இரண்டு பொருள்கள் இருக்க முடியாது என்பது அவர் சொன்ன காரணம். அந்தச் சமநிலையைக் குலைக்காமல் பார்த்துக்கொள்வதே நம் வேலை.

‘அந்தப் பக்கம் போனால் குறி மாறும்’ என்று ஒரு சொல்வழக்கு இருக்கிறதே, அதைத்தானே எல்லோரும் சொல்கிறார்கள் என்று நீங்கள் கேட்கலாம். அது பொய் இல்லை. ஆனால் அது பாதி உண்மை, அந்தப் பாதி உண்மையால் வரும் தவறுகளை நான் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன். 3y = 12 என்று இருக்கும்போது, ‘3 அந்தப் பக்கம் போகிறது, குறி மாறும்’ என்று y = 12 − 3 என்று எழுதிவிடுவார்கள். விடை 9 என்று வரும். சரியான விடை 4. இங்கே 3, y-உடன் பெருகி நிற்கிறது. அதை நீக்க 3-ஆல் வகுக்க வேண்டும், கழிக்கக் கூடாது. வகுக்கும்போது குறி மாறுகிற பேச்சுக்கே இடமில்லை.

கூட்டியதைக் கழித்து நீக்கு, பெருக்கியதை வகுத்து நீக்கு. இப்படி மனத்தில் வைத்துக்கொண்டால், எண்கள் தாமாக வேலி தாண்டிக் குதிப்பதில்லை, நாம்தான் இருபுறமும் ஒரு செயலைச் செய்கிறோம் என்பது மறக்காது. தொடக்கத்தில் ஒவ்வொரு வரியின் ஓரத்திலும் என்ன செய்தோம் என்று சின்னதாக எழுதுங்கள். ‘இருபுறமும் −2x’, ‘இருபுறமும் ÷3’ என்பதுபோல. ஒரு வாரம் இப்படி எழுதினால் போதும், அப்புறம் தேவைப்படாது.

எளிய சமன்பாடு ஒன்று

2x + y = 7

y-உடன் 2x கூடி நிற்கிறது. இருபுறமும் 2x-ஐக் கழிக்கிறோம்.

y = 7 − 2x
y = −2x + 7

சாய்வு −2, வெட்டுத்துண்டு 7. ஒரே படிதான். 7-இலிருந்து 2x-ஐக் கழித்து 5x என்று எழுதிவிடாதீர்கள். 7 ஒரு மாறிலி, 2x-இல் x இருக்கிறது. இரண்டும் வேறு இனம், சேராது.

y-க்குக் கெழு இருந்தால்

பெரும்பாலான கணக்குகள் இந்த வகை. பெரும்பாலான தவறுகளும் இங்கேதான் நடக்கின்றன. அதனால் இங்கே கொஞ்சம் நின்று நிதானமாகப் பார்ப்போம்.

5x + 3y − 8 = 0

படி 1: y உள்ள உறுப்பை மட்டும் இடப்பக்கத்தில் விட்டுவிட்டு, மற்றதை எல்லாம் வலப்பக்கத்துக்குக் கொண்டுவர வேண்டும். இருபுறமும் 5x-ஐக் கழித்து, 8-ஐக் கூட்டுகிறோம்.

3y = −5x + 8

படி 2: y-இன் கெழு 3. இருபுறமும் 3-ஆல் வகுக்கிறோம்.

y = (−5x + 8)/3

படி 3: வலப்பக்கத்தை இரண்டு துண்டாகப் பிரிக்கிறோம்.

y = −(5/3)x + 8/3

மூன்றாவது படியைத் தாண்டிவிட்டு, இரண்டாவது வரியைப் பார்த்தே சாய்வு −5 என்று எழுதுகிறவர்கள் உண்டு. அடியில் இருக்கும் 3 மேலே உள்ள இரண்டு உறுப்புகளுக்கும் சொந்தம். அதைவிட அதிகம் நடக்கும் தவறு, ஒன்றை மட்டும் வகுத்துவிட்டு மற்றதை அப்படியே விடுவது: y = −(5/3)x + 8 என்று. ஒரு வீட்டில் எல்லோருக்கும் பங்கு பிரிக்கும்போது ஒருவரை விட்டுவிடுவது போன்றது இது. வகுக்கும் வரியை எழுதும்போது வலப்பக்கம் எத்தனை உறுப்புகள் இருக்கின்றன என்று எண்ணுங்கள். வகுத்து முடித்த பிறகும் அத்தனை இடங்களிலும் 3 இருக்கிறதா என்று பாருங்கள்.

பின்னத்தைப் பார்த்துப் பயந்து 1.67 என்று தசமமாக்கிவிட வேண்டாம். 5/3 என்பது துல்லியம், 1.67 தோராயம். அதோடு, கோடு வரையும்போது பின்னமாக இருப்பதுதான் கைகொடுக்கும்.

y-க்கு முன்னால் கழித்தல் குறி

தொடக்கத்தில் பார்த்த சமன்பாட்டுக்கு வருவோம்.

3x − 4y = 12

இருபுறமும் 3x-ஐக் கழித்தால்:

−4y = −3x + 12

இப்போது வகுக்க வேண்டியது 4-ஆல் இல்லை, −4-ஆல். குறியும் கெழுவின் பகுதிதான். ஒவ்வொரு உறுப்பாக எடுப்போம். −3x-ஐ −4-ஆல் வகுத்தால் (3/4)x, ஏனென்றால் இரண்டு கழித்தல் சேர்ந்தால் கூட்டல். 12-ஐ −4-ஆல் வகுத்தால் −3.

y = (3/4)x − 3

வலப்பக்கம் இருந்த ஒவ்வொரு உறுப்பின் குறியும் புரண்டிருக்கிறது என்பதைக் கவனியுங்கள். குறை எண்ணால் வகுத்தால் எல்லாக் குறிகளும் மாறும். ஒன்று மாறி ஒன்று மாறாமல் இருந்தால் எங்கோ தவறு.

குறை எண்ணால் வகுப்பது தடுமாற்றமாக இருந்தால் இன்னொரு வழி இருக்கிறது. −4y-ஐ இடத்திலேயே விடாமல், இருபுறமும் 4y-ஐக் கூட்டுங்கள்: 3x = 12 + 4y. அப்புறம் இருபுறமும் 12-ஐக் கழியுங்கள்: 3x − 12 = 4y. இப்போது 4-ஆல் வகுத்தால் (3/4)x − 3 = y. சமக்குறியின் இருபுறத்தையும் அப்படியே இடம் மாற்றி எழுதிக்கொள்ளலாம். y இடப்பக்கம்தான் இருக்க வேண்டும் என்று சட்டம் ஏதும் இல்லை. புதிதாகக் கற்பவர்களுக்கு நான் இந்த வழியைத்தான் பரிந்துரைப்பேன். ஒரு வரி கூடினாலும் குறித் தவறு குறையும்.

இதே வேலையை 3x − 4y < 12 போன்ற அசமன்பாட்டில் செய்தால் மட்டும் கூடுதல் கவனம் வேண்டும். −4-ஆல் வகுக்கும்போது < என்பது > ஆகத் திரும்பும். சமன்பாட்டில் சமக்குறி திரும்புவதற்கு ஒன்றும் இல்லை.

அடைப்புக்குறி இருந்தால்

y − 5 = −2(x + 3)

முதலில் அடைப்புக்குறியை விரிக்க வேண்டும். −2 உள்ளே இருக்கும் இரண்டையும் பெருக்கும்.

y − 5 = −2x − 6
y = −2x − 1

−2x + 6 என்றோ −2x + 3 என்றோ எழுதுவதுதான் இங்கே வழக்கமான வழுக்கல். ஒரு புள்ளியும் சாய்வும் கொடுத்துக் கோட்டின் சமன்பாட்டைக் கேட்கும் கணக்குகள் எல்லாம் இந்த உருவத்தில்தான் வந்து நிற்கும். அதனால் இதை நன்றாகப் பழகிக்கொள்வது நல்லது.

பின்னமும் தசமமும்

x/3 − y/4 = 2

பின்னங்களின் அடியில் இருக்கும் எண்கள், அதாவது பகுதிகள், 3, 4. இவற்றின் மீச்சிறு பொது மடங்கு 12. சமன்பாடு முழுவதையும் 12-ஆல் பெருக்கிவிட்டால் பின்னங்கள் மறைந்துவிடும்.

4x − 3y = 24

வலப்பக்கம் 24 வந்திருக்கிறது, பாருங்கள். பின்னம் உள்ள இரண்டு உறுப்புகளை மட்டும் பெருக்கிவிட்டு, பின்னம் இல்லாத 2-ஐ மறந்துவிடுவது மிக எளிது. அதுவும் ஒரு உறுப்புதான். மீதி வேலை பழையதுதான்: 3y = 4x − 24, ஆகவே y = (4/3)x − 8.

தசமங்களுக்கும் இதே தந்திரம். 0.2x + 0.5y = 1.5 என்றால் 10-ஆல் பெருக்கி 2x + 5y = 15 ஆக்கிக்கொள்ளுங்கள். y = −(2/5)x + 3 என்று வந்துவிடும். ஒரு எண்ணில் இரண்டு தசம இடங்கள் இருந்தால் 100-ஆல் பெருக்க வேண்டும்.

இருபுறமும் y இருந்தால்

4y − x = y + 5x − 9

முதலில் y எல்லாம் ஒருபுறம் சேரட்டும். இருபுறமும் y-ஐக் கழித்து, x-ஐக் கூட்டினால் 3y = 6x − 9. வகுத்தால் y = 2x − 3. இதில் புதிதாக எதுவும் இல்லை. வலப்பக்கத்து y-ஐ அப்படியே விட்டுவிட்டு 4-ஆல் வகுக்கப் போகாமல் இருந்தால் சரி.

மூன்று விசேஷக் கோடுகள்

5x − 2y = 0 என்பதில் தனி எண் இல்லை. y = (5/2)x. வெட்டுத்துண்டு 0, கோடு ஆதிப்புள்ளி வழியாகப் போகும்.

3y = 12 என்பதில் x இல்லை. y = 4. இதை y = 0x + 4 என்று படிக்கலாம். சாய்வு 0, x-அச்சுக்கு இணையான படுக்கைக் கோடு. ‘சாய்வு இல்லை’ என்று எழுதாமல் ‘சாய்வு 0’ என்றே எழுதுங்கள், ஏனென்றால் அடுத்து வருவதுதான் உண்மையிலேயே சாய்வு இல்லாதது.

2x − 10 = 0 என்பதில் y இல்லை. x = 5. இதை y = mx + c வடிவத்துக்கு மாற்ற முடியாது. y-இன் கெழு 0, அதனால் வகுக்க வழியில்லை. இது நிமிர்ந்து நிற்கும் செங்குத்துக் கோடு, இதன் சாய்வு வரையறுக்கப்படவில்லை. தேர்வில் இப்படி வந்தால் எதையாவது தவறவிட்டோமோ என்று பதற வேண்டாம். ‘மாற்ற முடியாது, செங்குத்துக் கோடு’ என்பதே முழு விடை.

சில நேரம் y இருப்பதுபோலத் தெரிந்து பாதி வழியில் காணாமல் போகும். 3(x + y) = 3y + 6 என்பதை விரித்தால் 3x + 3y = 3y + 6. இருபுறமும் 3y-ஐக் கழித்தால் 3x = 6, அதாவது x = 2. இதுவும் செங்குத்துக் கோடுதான்.

xy, x², 1/x போன்றவை கடைசி வரைக்கும் நீங்காமல் இருந்தால் அது நேர்க்கோடே இல்லை. அதற்கு m, c தேடக் கூடாது.

சூத்திரத்தை மனப்பாடம் செய்யலாமா?

ax + by + c = 0 என்பதைப் பொதுவாகவே மாற்றிப் பார்த்தால் y = −(a/b)x − c/b. ஆகவே சாய்வு −a/b, வெட்டுத்துண்டு −c/b. (b, 0 ஆக இருக்கக் கூடாது.) அவசரத்துக்கு இது நல்ல கருவி. ஆனால் தொடக்கத்திலேயே இதைப் பிடித்துக்கொள்வதை நான் விரும்புவதில்லை. சமன்பாடு 5x + 3y = 8 என்று இருந்தால், c = 8 என்று எடுத்துக்கொண்டு வெட்டுத்துண்டு −8/3 என்று எழுதிவிடுவார்கள். சூத்திரம் கேட்பது வலப்பக்கம் 0 இருக்கும் வடிவத்தை. அங்கே c = −8.

இன்னொரு குழப்பமும் இதில் இருக்கிறது. ax + by + c = 0-இல் இருக்கும் c வேறு, y = mx + c-இல் இருக்கும் c வேறு. ஒரே எழுத்து, இரண்டு வேலை. முதலில் படிகளைக் கைவசமாக்குங்கள். சூத்திரம் விடையைச் சரிபார்க்க உதவட்டும்.

சரிபார்ப்பது எப்படி?

இதற்கு அரை நிமிடம்தான் ஆகும், தயவுசெய்து விட்டுவிடாதீர்கள். உங்கள் விடையில் x-க்கு ஏதாவது ஒரு மதிப்பைப் போட்டு y-ஐக் கண்டுபிடியுங்கள். அந்த இரண்டையும் முதல் சமன்பாட்டில் போட்டுப் பாருங்கள். பொருந்த வேண்டும்.

ஆனால் ஒரு புள்ளி போதாது. 3x − 4y = 12-க்கு ஒருவர் தவறாக y = −(3/4)x − 3 என்று விடை எழுதியிருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். x = 0 போட்டால் y = −3. முதல் சமன்பாட்டில் 3(0) − 4(−3) = 12. பொருந்துகிறது! சரி என்று நிம்மதியாகிவிடுவார். x = 0 என்பது வெட்டுத்துண்டை மட்டும்தான் சோதிக்கிறது, சாய்வைத் தொடவே இல்லை. இன்னொரு புள்ளியாக x = 4 போட்டுப் பார்த்தால் y = −6 வரும். 3(4) − 4(−6) = 36. பொருந்தவில்லை, தவறு பிடிபட்டது. இரண்டு புள்ளிகளில் பொருந்தினால் கோடு சரி, ஏனென்றால் இரண்டு புள்ளிகள் வழியாக ஒரே ஒரு நேர்க்கோடுதான் போக முடியும். அடியில் 4 இருந்தால் x = 4, 3 இருந்தால் x = 3 என்று தேர்ந்தெடுத்தால் பின்னம் வராது.

மாற்றிய பிறகு என்ன செய்யலாம்?

கோடு வரையலாம். y = (3/4)x − 3 என்றால் y-அச்சில் −3-இல் ஒரு புள்ளி. அங்கிருந்து வலப்பக்கம் 4, மேலே 3. (4, 0) கிடைக்கிறது. மறுபடியும் வலப்பக்கம் 4, மேலே 3. (8, 3). மூன்றையும் இணைத்தால் கோடு தயார். அட்டவணை போடத் தேவையே இல்லை. சாய்வு −(5/3) போல இருந்தால் வலப்பக்கம் 3, கீழே 5.

இரண்டு கோடுகளை ஒப்பிடலாம். 2x − 3y = −12 என்பது y = (2/3)x + 4. முன்பு பார்த்த y = (2/3)x − 2-உடன் சேர்த்துப் பாருங்கள். சாய்வு ஒன்று, வெட்டுத்துண்டு வேறு. ஆகவே இணைகோடுகள், எங்கும் சந்திக்காது. 3x + 2y = 10 என்பது y = −(3/2)x + 5. (2/3)-ஐயும் −(3/2)-ஐயும் பெருக்கினால் −1. ஆகவே இது அந்த இரண்டு கோடுகளுக்கும் செங்குத்து.

எனக்கு மிகவும் பிடித்த உதாரணம் வெப்பநிலை. செல்சியஸ் அளவை C என்றும் ஃபாரன்ஹீட் அளவை F என்றும் எடுத்துக்கொண்டால், இரண்டுக்கும் உள்ள உறவை 5F − 9C = 160 என்று எழுதலாம். இப்படிப் பார்த்தால் ஒன்றும் புரியாது. F-ஐத் தனிமைப்படுத்துவோம். 5F = 9C + 160, ஆகவே F = (9/5)C + 32. இப்போது சமன்பாடு பேசுகிறது. செல்சியஸ் ஒரு பாகை ஏறினால் ஃபாரன்ஹீட் 1.8 பாகை ஏறும். தண்ணீர் உறையும் 0 பாகை செல்சியஸ், ஃபாரன்ஹீட்டில் 32. கொதிநிலையான 100 போட்டால் 180 + 32 = 212.

இதே சமன்பாட்டில் C-ஐத் தனிமைப்படுத்தினால் C = (5/9)F − 160/9. எந்த அளவு கையில் இருக்கிறதோ அது வலப்பக்கம், எது வேண்டுமோ அது இடப்பக்கம். x, y என்ற எழுத்துகள் இல்லாத இடத்தில் எதைத் தனிமைப்படுத்துவது என்ற முடிவை நாம்தான் எடுக்க வேண்டும்.

இப்போது நீங்கள்

ஐந்து கணக்குகள். விடைகள் கீழேயே இருக்கின்றன, ஆனால் முதலில் தாளில் போட்டுவிட்டுப் பாருங்கள்.

1) x − y = 9
2) 7 − 2y = 3x
3) 2(x − 3y) = 5 − y
4) (x + y)/4 = y − 3
5) 4 − (y − x) = x

முதலாவது y = x − 9. y = −x + 9 என்று வந்திருந்தால், −y-ஐ −1-ஆல் வகுக்கும்போது குறிகளை மாற்றாமல் விட்டிருப்பீர்கள், அல்லது x-ஐக் கழிக்கும் இடத்தில் தவறியிருப்பீர்கள். இரண்டாவது y = −(3/2)x + 7/2. மூன்றாவதில் விரித்தால் 2x − 6y = 5 − y, அதிலிருந்து −5y = −2x + 5, விடை y = (2/5)x − 1. நான்காவதில் 4-ஆல் பெருக்கும்போது வலப்பக்கம் 4y − 12 வர வேண்டும். −3 மட்டும் அப்படியே நின்றிருந்தால் அந்த வரிக்குத் திரும்பிப் போங்கள். விடை y = (1/3)x + 4.

ஐந்தாவதில் அடைப்புக்குறிக்கு முன்னால் கழித்தல் இருப்பதால் விரிக்கும்போது 4 − y + x = x ஆகிறது. இருபுறமும் x-ஐக் கழித்தால் x முழுவதுமாக நீங்கி y = 4 என்று நிற்கிறது. சாய்வு 0, படுக்கைக் கோடு. 4 − y − x = x என்று விரித்தவர்களுக்கு y = −2x + 4 வந்திருக்கும். x = 0 போட்டுப் பார்த்தால் அந்தத் தவறான விடையும் பொருந்தும். x = 1 போட்டுப் பாருங்கள்.